முப்பத்தைந்தைக் கடந்த கர்ப்பம்: மாதக் கணக்கை விட்டு வாரக் கணக்குக்கு வாருங்கள்

கடைசி மாதவிலக்கின் முதல் நாள் ஜனவரி 10 என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் என்ன சொல்வார்கள்? "மூணு மாசம் முடியட்டும், அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். பங்குனி போய்ச் சித்திரை பிறந்ததும் நல்ல நாள் பார்த்து ஸ்கேனுக்குப் போகலாம்." சித்திரை பிறப்பது ஏப்ரல் 14. குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் இருக்கும் நீர்ப்படலத்தை அளக்கும் என்.டி. ஸ்கேனை 11 வாரம் முடிந்ததிலிருந்து 13 வாரம் 6 நாள் வரைதான் எடுக்க முடியும். இந்தக் கணக்கில் அது மார்ச் 28 முதல் ஏப்ரல் 17 வரை. புத்தாண்டு விடுமுறையும் நல்ல நாளும் போக, மிஞ்சுவது இரண்டு நாளோ மூன்று நாளோதான். அதற்குள் ஸ்கேன் சென்டரில் இடம் கிடைக்காவிட்டால் அந்த வாய்ப்பு திரும்ப வராது.

35 வயதுக்கு மேல் கருத்தரிப்பவர்களில் பெரும்பாலோர் நல்லபடியாகவே பெற்றெடுக்கிறார்கள். வயது கூட்டுகிற ஆபத்துகள் உண்மைதான். ஆனால் அவற்றில் முக்கியமான ஒவ்வொன்றையும் கண்டுபிடிக்கவோ தடுக்கவோ ஒரு குறிப்பிட்ட வாரம் இருக்கிறது. அந்த வாரம் தவறினால் அதே பிரச்சினை பெரிதாகிறது. அதனால் இந்தக் கட்டுரை முழுவதும் வாரக் கணக்கில்தான் பேசும். மாதக் கணக்கில் "நாலாவது மாசம்" என்றால் ஒருவர் நான்கு மாதம் முடிந்ததைச் சொல்கிறார், இன்னொருவர் நான்கு நடப்பதைச் சொல்கிறார். நடுவில் நான்கு வாரம் காணாமல் போகிறது.

வயது என்ன செய்கிறது

ஒரு பெண்ணின் கருமுட்டைகள் எல்லாமே அவர் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவானவை. 38 வயதில் வெளிவரும் முட்டைக்கும் வயது 38-க்கு மேல்தான். முட்டைக்குள் ஜோடி ஜோடியாகப் பிடித்து வைக்கப்பட்டிருக்கும் குரோமோசோம்கள் பிரிய வேண்டிய நேரத்தில் சரியாகப் பிரியாமல் போவது வயதோடு கூடுகிறது. கருச்சிதைவு அதிகமாவதற்கும், ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறை அதிகமாவதற்கும் இதுவே காரணம். பிரசவத்தின்போது தாய்க்கு 35 வயது என்றால் டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்கான வாய்ப்பு ஏறத்தாழ 350-ல் 1. 40 வயதில் 100-ல் 1. 45 வயதில் 30-ல் 1. இந்த எண்களைக் கண்டு பயப்படுபவர்கள் அவற்றைத் திருப்பியும் படிக்க வேண்டும்: 40 வயதில் 100 குழந்தைகளில் 99 குழந்தைகளுக்கு அது இல்லை.

தாயின் உடம்பு பக்கம் வருபவை வேறு: கர்ப்பகால சர்க்கரை, ரத்த அழுத்தம், நஞ்சுக்கொடி கீழிறங்கி இருப்பது, கால் நரம்பில் ரத்தக்கட்டு, குறைமாதப் பிரசவம். இரட்டைக் குழந்தைகளும் இந்த வயதில் இயல்பாகவே கொஞ்சம் கூடுதல். குழந்தையின்மைக்கு சிகிச்சை எடுத்திருந்தால் இன்னும் கூடும்.

கருத்தரிக்கும் முன் மூன்று மாதம்

இன்னும் கருத்தரிக்கவில்லை என்றால் உங்கள் கையில் பெரிய வாய்ப்பு இருக்கிறது. ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இன்றே தொடங்குங்கள். குழந்தையின் முதுகுத்தண்டுக் குழாய் கரு உருவான முதல் நான்கு வாரத்துக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போனது தெரிந்து, டெஸ்ட் செய்து, டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கும்போது அந்த வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். தேவை ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் பெரும்பாலும் 5 மி.கி. மாத்திரையை எடுத்துத் தருவார்கள். அது சர்க்கரை நோய் உள்ளவர்கள், வலிப்புக்கு மருந்து எடுப்பவர்கள், முந்தைய குழந்தைக்கு முதுகுத்தண்டுக் குறை இருந்தவர்கள் போன்றவர்களுக்கு டாக்டர் எழுதும் அளவு. உங்களுக்கு எது என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகள். 35-க்கு மேல் பலருக்கு பி.பி. மாத்திரையோ தைராய்டு மாத்திரையோ இருக்கும். டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் ஆகிய பி.பி. மாத்திரைகள் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். லாபெட்டலால், நிஃபெடிபின் போன்றவற்றுக்கு முன்கூட்டியே மாற வேண்டும். கொழுப்பு மாத்திரைகளான ஸ்டாட்டின்களைப் பொதுவாக நிறுத்துவார்கள். வலிப்புக்கான வால்ப்ரோயேட் குழந்தைக்கு மிகவும் ஆபத்தானது. ஆனால் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்றிக்கொள்ளுங்கள். நிறுத்திய பின் வரும் வலிப்பும் கட்டுமீறிய பி.பி.யும் மருந்தைவிடக் கெடுதல்.

சர்க்கரை நோய் இருந்தால் மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி 6.5-க்குக் கீழே வந்த பின் கருத்தரிப்பது நல்லது. 10-க்கு மேல் இருந்தால் கண்டிப்பாகத் தள்ளிப்போடுங்கள். குழந்தையின் இதயம் உருவாகும் வாரங்களில் ரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் இதயக் குறைகள் வர வாய்ப்பு அதிகம். தைராய்டுக்கான டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின், பி.பி., எடை, ரூபெல்லா எதிர்ப்பு, பல் ஆகியவற்றையும் ஒரே சுற்றில் பார்த்துவிடலாம். ரூபெல்லா ஊசி போட்டால் ஒரு மாதம் கழித்தே கருத்தரிக்க முயல வேண்டும்.

முயன்று ஆறு மாதமாகியும் கரு நிற்கவில்லை என்றால் 35-க்கு மேற்பட்டவர்கள் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஒரு வருடம் காத்திருக்கும் விதி இளையவர்களுக்கு. 40 ஆகிவிட்டால் காத்திருக்கவே வேண்டாம்.

நாளைக் குறிப்பது, பெயரைப் பதிவது

டெஸ்டில் இரண்டு கோடு வந்ததும் முதல் வேலை, கடைசி மாதவிலக்கின் முதல் நாளை எழுதிவைப்பது. அதோடு 9 மாதம் 7 நாள் கூட்டினால் பிரசவத் தேதி. ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17. ஐ.வி.எஃப். செய்தவர்களுக்கு மாதவிலக்குத் தேதி பொருந்தாது. ஐந்தாம் நாள் கருவை வைத்திருந்தால், வைத்த தேதியிலிருந்து 19 நாள் பின்னால் போங்கள். அதுதான் உங்கள் கணக்கின் முதல் நாள்.

6 முதல் 8 வாரத்துக்குள் முதல் ஸ்கேன். கரு கர்ப்பப்பைக்குள் இருக்கிறதா, கருக்குழாயில் தங்கிவிட்டதா, ஒன்றா இரண்டா, இதயத் துடிப்பு வந்ததா என்று இதில் தெரியும். குழாயில் கரு தங்குவதும் வயதோடு கூடுகிற ஒன்று. ஒரு பக்க அடிவயிற்று வலியும் மயக்கமும் சேர்ந்து வந்தால் ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மூன்று மாதம் வரை ஊருக்குச் சொல்லாமல் இருப்பது உங்கள் விருப்பம். பல வருடம் காத்திருந்து, இடையில் ஒன்றிரண்டு கலைந்தும் போனவர்கள் கண்ணேறுக்கு அஞ்சுவது புரிகிறது. ஆனால் கிராம சுகாதார செவிலியரிடமும் டாக்டரிடமும் மறைக்காதீர்கள். தமிழ்நாட்டில் 12 வாரத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து பிக்மி எண் என்ற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கிவிடுங்கள். தனியார் மருத்துவமனையில் பார்த்தாலும் அந்த எண் வேண்டும், பிறப்புச் சான்றிதழுக்கும் அதைத்தான் கேட்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்குத் தகுதியுள்ளவர்களுக்கும் இந்தப் பதிவுதான் முதல் படி.

11 முதல் 14 வாரம்: அவசரப்படுத்த வேண்டிய இடம்

இந்த மூன்று வாரத்தில் என்.டி. ஸ்கேனும், டபுள் மார்க்கர் என்ற ரத்தப் பரிசோதனையும் சேர்ந்து நடக்கும். இரண்டையும் தாயின் வயதோடு சேர்த்துக் கணக்கிட்டு, டவுன் சிண்ட்ரோமுக்கான வாய்ப்பை ஒரு விகிதமாகத் தருவார்கள். அந்தக் குறை இருக்கிற குழந்தைகளில் 85 முதல் 90 சதவீதத்தை இந்தக் கூட்டுப் பரிசோதனை பிடித்துவிடும்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. லேப் படிவத்தில் பிறந்த தேதி கேட்பார்கள். ஆதாரில் உள்ளதை எழுதிக் கொடுப்போம். பள்ளியில் சேர்ப்பதற்காக ஒரு வருடம் கூட்டியோ குறைத்தோ போட்ட தேதி அது என்பது பலருக்கு மறந்தே போயிருக்கும். கணக்கு வயதை வைத்துத்தான் ஓடுகிறது. அதனால் உண்மையான பிறந்த தேதியை லேபுக்குச் சொல்லுங்கள், எடையையும் அன்றைக்குப் பார்த்துச் சொல்லுங்கள். ஐ.வி.எஃப். என்றால் அதையும் சொல்ல வேண்டும். தானமாகப் பெற்ற முட்டை என்றால் முட்டை கொடுத்தவரின் வயதும், உறைய வைத்த முட்டை என்றால் உறைய வைத்த நாளில் இருந்த வயதும்தான் கணக்கில் வரும். 42 வயதுப் பெண்ணுக்கு 26 வயதுப் பெண்ணின் முட்டை என்றால் குரோமோசோம் ஆபத்து 26-க்கு உரியது. பி.பி., சர்க்கரை ஆபத்து மட்டும் 42-க்கு உரியது.

முடிவை எப்படிப் படிப்பது? பல லேப்களில் 250-ல் 1 என்பதை எல்லைக்கோடாக வைத்திருக்கிறார்கள். உங்கள் முடிவு 200-ல் 1 என்று வந்தால் அறிக்கையில் "ஹை ரிஸ்க்" என்று சிவப்பில் இருக்கும். அதன் பொருள், இதே முடிவு வந்த 200 பேரில் 199 பேரின் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இல்லை என்பதுதான். வயதே கணக்கை மேலே தள்ளுவதால் 38, 40 வயதினருக்கு இந்தச் சிவப்பு எழுத்து அதிகமாக வரும். அதைப் பார்த்துக் கருவைக் கலைக்கும் முடிவுக்குப் போவது பெரும் பிழை. அது சந்தேகம் மட்டுமே.

சந்தேகத்தைத் தெளிவாக்க இரண்டு வழி. ஒன்று என்.ஐ.பி.டி.: 10 வாரத்திலிருந்து தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் நஞ்சுக்கொடியின் டி.என்.ஏ.வைப் பார்ப்பது. டவுன் சிண்ட்ரோமை 99 சதவீதத்துக்கு மேல் பிடிக்கும். செலவு அதிகம். வசதி இருந்தால் 35-க்கு மேற்பட்டவர்கள் இதை முதல் பரிசோதனையாகவே எடுக்கலாம். ஆனாலும் என்.டி. ஸ்கேனை விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் குழந்தையின் உருவத்தை ரத்தம் காட்டாது. இன்னொன்று, ஊசி மூலம் நஞ்சுக்கொடித் திசுவை (11 முதல் 14 வாரம்) அல்லது பனிக்குட நீரை (15 வாரத்துக்குப் பின்) எடுத்து நேராகக் குரோமோசோமைப் பார்ப்பது. உறுதியான பதில் இதில்தான் கிடைக்கும். கருச்சிதைவு ஆபத்து உண்டு, ஆனால் அனுபவமுள்ள கையில் 1 சதவீதத்துக்கும் கீழே. என்.ஐ.பி.டி.யில் "பாசிட்டிவ்" வந்தாலும் ஊசிப் பரிசோதனை செய்யாமல் எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

இந்த எந்தப் பரிசோதனையிலும் ஆணா பெண்ணா என்று சொல்வதும் கேட்பதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அடுத்த பெரிய ஸ்கேன் 18 முதல் 20 வாரத்தில், உறுப்புகளைப் பார்க்கும் அனாமலி ஸ்கேன். ஜனவரி 10 கணக்கில் மே 16 முதல் 30 வரை. தள்ளிப்போடாமல் இருக்கக் காரணம் உண்டு. 2021-ல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டம் 20 வாரம் வரை ஒரு டாக்டரின் முடிவை ஏற்கிறது. 24 வாரத்தைத் தாண்டினால் பெருங்குறை இருந்தாலும் மருத்துவக் குழுவிடம்தான் போக வேண்டும். யோசிக்கவும் இரண்டாவது கருத்துக் கேட்கவும் நாள் வேண்டும்.

ஆஸ்பிரின், பி.பி. மெஷின்

12 வாரத்தில் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "எனக்கு ஆஸ்பிரின் தேவையா?" கர்ப்பகால பி.பி. முற்றி உறுப்புகளைத் தாக்கும் நிலையை ப்ரீ-எக்ளாம்ப்சியா என்பார்கள். நஞ்சுக்கொடியின் ரத்தக்குழாய்கள் முதல் மாதங்களில் சரியாக விரியாததில் இது தொடங்குகிறது. குறைந்த அளவு ஆஸ்பிரினை 12 வாரத்தில், தவறினால் 16 வாரத்துக்குள் தொடங்கினால் இந்த ஆபத்து குறைகிறது. 24 வாரத்தில் பி.பி. ஏறிய பின் தொடங்கிப் பயனில்லை. முன்பே பி.பி., சர்க்கரை, சிறுநீரக நோய், லூபஸ் இருந்தாலோ இரட்டைக் குழந்தை என்றாலோ கண்டிப்பாகத் தருவார்கள். 35-க்கு மேல் வயது, முதல் பிரசவம், அதிக எடை, அம்மாவுக்கோ அக்காவுக்கோ இதே பிரச்சினை, ஐ.வி.எஃப்., முந்தைய பிரசவத்துக்கும் இதற்கும் பத்து வருட இடைவெளி ஆகியவற்றில் இரண்டு சேர்ந்தாலும் தருவது வழக்கம். 75 முதல் 150 மி.கி., இரவு படுக்கும் முன். டாக்டர் எழுதாமல் நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

மாத்திரை கைக்கு வந்த பிறகு இன்னொரு சிக்கல். வீட்டில் மாமனாருக்கு ஹார்ட் அட்டாக் வந்தபோது கொடுத்த அதே ஆஸ்பிரின், இகோஸ்ப்ரின் என்ற பெயரில். "இதயத்துக்குப் போடுற மாத்திரை உனக்கு எதுக்கு, ரத்தம் தண்ணியாயிடும்" என்று யாராவது சொல்வார்கள், மாத்திரை நின்றுவிடும். எழுதிக் கொடுத்தவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். எப்போது நிறுத்துவது என்பதையும் அவரே சொல்வார், பெரும்பாலும் 36 வாரத்தை ஒட்டி.

20 வாரத்துக்குப் பின் வீட்டில் ஒரு டிஜிட்டல் பி.பி. மெஷின் இருப்பது இந்த வயதினருக்கு நல்ல செலவு. மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேல்கையில் கட்டும் வகையே நம்பகம். பட்டை உங்கள் கைக்குப் பொருந்த வேண்டும். பருத்த கையில் சின்னப் பட்டை கட்டினால் இல்லாத பி.பி.யைக் காட்டும். பார்க்கும் முறை: சிறுநீர் கழித்துவிட்டு, காபி குடித்து அரை மணி நேரமாவது ஆன பிறகு, முதுகு சாய்ந்து நாற்காலியில் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கால்மேல் கால் போடாமல் பாதம் தரையில் படட்டும். கை மேசைமேல், பட்டை நெஞ்சின் உயரத்தில். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். 160/110 என்றால் நேராக ஆஸ்பத்திரிக்கு, 108-ஐ அழைத்தாவது.

கால் வீக்கம் நிறைமாதத்தில் பலருக்கும் வரும். முகம் உப்புவதும், நேற்றுவரை கழற்றிய மோதிரம் இன்று கழலாமல் போவதும் வேறு. அதோடு விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, வலது விலாவுக்குக் கீழே வலி இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் "வாயுதான்" என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள்.

சர்க்கரையும் சாப்பாடும்

கர்ப்பகால சர்க்கரையில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. சென்னையின் டாக்டர் வி. சேஷய்யா இந்தத் துறையில் செய்த பணிக்காக அவருடைய பிறந்தநாளான மார்ச் 10 தேசிய கர்ப்பகால சர்க்கரை விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கப்படுகிறது. இங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்யும் பரிசோதனை எளிது: 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து, ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாலும் பரவாயில்லை. சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகால சர்க்கரை. குடித்த அரை மணிக்குள் வாந்தி வந்தால் மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும், அதற்கப்புறம் வந்தால் தொடரலாம். அந்த இரண்டு மணி நேரத்தில் கடைத்தெருவைச் சுற்றி நடந்தால் அளவு குறைந்து காட்டும், உட்கார்ந்தே இருங்கள்.

முதல் வருகையில் ஒன்று, 24 முதல் 28 வாரத்தில் மறுபடி ஒன்று. முதல் முறை நார்மல் என்பதால் இரண்டாவதை விட்டுவிடுபவர்கள் பலர். நஞ்சுக்கொடி வளர வளர அதன் ஹார்மோன்கள் இன்சுலினை எதிர்க்கும். உண்மையான சோதனை 24 வாரத்துக்குப் பின்தான்.

சர்க்கரை வந்தால் இலக்கு: வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழ். இரண்டு வாரம் சாப்பாட்டிலும் நடையிலும் பார்ப்பார்கள். அடங்காவிட்டால் மெட்ஃபார்மின் அல்லது இன்சுலின். இன்சுலின் குழந்தைக்குப் போகாது, அதைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

நம் தட்டில் பிரச்சினை காலையில்தான் பெரிது. விடியற்காலை ஹார்மோன்களால் அந்த வேளையில் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. அந்த நேரம் பார்த்து நாம் நான்கு இட்லியும், நெய் மிதக்கும் பொங்கலும் வைக்கிறோம். இரண்டு இட்லி, காய் நிறைய போட்ட கெட்டி சாம்பார் ஒரு கிண்ணம், ஒரு அவித்த முட்டை என்று மாற்றிப் பாருங்கள். அடையும் பச்சைப்பயறு தோசையும் இதைவிட நல்லவை. மதியம் தட்டை மனத்தில் நான்காகப் பிரியுங்கள்: இரண்டு பங்கு கீரை, பொரியல், கூட்டு. ஒரு பங்கு சோறு. ஒரு பங்கு பருப்பு, சுண்டல், மீன், கோழி. முதலில் காயைச் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சர்க்கரை மெதுவாக ஏறும். கேழ்வரகுக் கூழ் சர்க்கரைக்கு நல்லது என்று டம்ளர் டம்ளராகக் குடிப்பார்கள். மாவாகக் கரைத்துக் குடித்தால் அதுவும் வேகமாகத்தான் ஏறும். அடையாகவோ களியாகவோ அளவாகச் சாப்பிடுங்கள்.

"ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்" என்பார்கள். இரண்டாவது உயிர் 20 வாரத்தில் முந்நூறு கிராம்தான் இருக்கும். 14 வாரத்துக்கு மேல் தேவைப்படுவது நாளொன்றுக்குக் கூடுதலாக 350 கலோரி: ஒரு தம்ளர் பால், ஒரு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு கொய்யா. அவ்வளவே. புரதம்தான் நம் சாப்பாட்டில் பற்றாது. கடைசி மூன்று மாதத்தில் வழக்கத்தைவிட 22 கிராம் கூடுதலாக வேண்டும். சரியான எடையில் தொடங்கியவர் மொத்தம் 11 முதல் 16 கிலோ கூடலாம். முன்பே எடை அதிகம் என்றால் 7 முதல் 11 கிலோ போதும்.

மீன் நல்லது. மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி என்று சின்ன மீனாகப் பாருங்கள். சுறா வேண்டாம், மற்ற மீனைத் தின்னும் பெரிய மீனில் பாதரசம் சேர்கிறது. பால் ஊறும் என்று பிரசவத்துக்குப் பின் கொடுக்கும் சுறாப்புட்டுக்கும் இது பொருந்தும். நன்றாகப் பழுத்த பப்பாளியால் கரு கலையாது. காயாக இருக்கும் பப்பாளியைத் தவிர்த்தால் போதும்.

இரும்பு மாத்திரை ஏன் பலிப்பதில்லை

மாத்திரை வாங்குகிறார்கள், விழுங்கவும் செய்கிறார்கள், ஹீமோகுளோபின் 9-லேயே நிற்கிறது. காரணம் பெரும்பாலும் நேரம்தான். இரும்பு மாத்திரையைக் காபியோடும் டீயோடும் போட்டால் உடம்பில் ஒட்டாது. கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போட்டாலும் ஒட்டாது. தைராய்டு மாத்திரையோடு போட்டால் தைராய்டு மாத்திரையும் வீண். இதோ ஒழுங்கு: காலை எழுந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, தண்ணீரோடு. காலை உணவுக்கும் காபிக்கும் முன் அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி. முதல் கால்சியம் மதியச் சாப்பாட்டோடு. மாலை நான்கு மணிக்கு இரும்பு மாத்திரை, எலுமிச்சைச் சாற்றோடோ நெல்லிக்காயோடோ. இரவுச் சாப்பாட்டோடு இரண்டாவது கால்சியம். இரும்பு மாத்திரையால் மலம் கறுக்கும், அது கெடுதல் இல்லை.

அரசு தரும் சிவப்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பு இருக்கிறது, 12 வாரத்துக்குப் பின் தினம் ஒன்று. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டும் ஏறாவிட்டால் ஊசி வழி இரும்பு பற்றிக் கேளுங்கள். நஞ்சுக்கொடி இறங்கியிருப்பதாலும் சிசேரியனாலும் ரத்தம் போகும் வாய்ப்பு இந்த வயதில் கூடுதல். 8-ல் பிரசவ அறைக்குள் போகிறவருக்கு இழக்க ரத்தமில்லை.

"அசையவே கூடாது" என்பது மருந்தல்ல

பத்து வருடம் கழித்து நின்ற கரு. மாடி ஏறக் கூடாது, பாத்திரம் தேய்க்கக் கூடாது, படுத்தே இருக்க வேண்டும். அன்பினால் சொல்வதுதான். ஆனால் படுத்தே இருப்பது கருச்சிதைவையும் தடுக்காது, குறைப்பிரசவத்தையும் தடுக்காது. சர்க்கரை ஏறும், தசை கரையும், காலில் ரத்தம் உறையும். 35-க்கு மேல் கர்ப்பத்தில் ரத்தக்கட்டு ஆபத்து ஏற்கெனவே கூடுதல். ஒரு காலில் மட்டும் ஆடுசதை வீங்கி, சூடாகி, வலித்தால் நீவிவிடாதீர்கள். அன்றே காட்ட வேண்டும். ரத்தப்போக்கு, நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியிருப்பது போன்ற காரணத்துக்காக டாக்டர் கட்டுப்பாடு விதித்திருந்தால் அது வேறு. என்ன கட்டுப்பாடு, எத்தனை வாரம் என்று எழுதி வாங்குங்கள்.

மற்றவர்களுக்கு வாரம் 150 நிமிடம் நடை. மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிடம் நடந்தாலே ஐந்து நாளில் கணக்கு நிறையும், சர்க்கரையும் அடங்கும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியாது. அதுதான் சரியான வேகம். 28 வாரத்துக்குப் பின் ஒருக்களித்துத் தூங்குங்கள், எந்தப் பக்கமானாலும் சரி.

28 வாரத்துக்குப் பின்: அசைவும் இடமும்

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒருக்களித்துப் படுத்து அசைவை எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து வர வேண்டும். பலருக்கு அரை மணியிலேயே வந்துவிடும். உங்கள் குழந்தையின் வழக்கம் எதுவோ அதுதான் அளவுகோல். "நிறைமாசத்துல இடம் பத்தாது, அதான் அசையல" என்பது தவறு. அசைவின் தன்மை மாறலாம், எண்ணிக்கை குறையக் கூடாது. குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்குப் போவது வழக்கம். 39 வயதுப் பெண்ணின் அம்மாவுக்கு 65, 70 இருக்கும். அவருக்கே முட்டிவலியும் சர்க்கரையும். அங்கே போவது யாருக்கு உதவி என்று யோசியுங்கள். போவதாக முடிவானால் 32 வாரத்துக்குள் அந்த ஊர் மருத்துவமனையில் ஒருமுறை காட்டி, எல்லா ஸ்கேன் அறிக்கையும் ரத்த முடிவும் அடங்கிய கோப்பை அவர்களிடம் பதிந்துவிடுங்கள். இருபத்துநான்கு மணி நேரமும் சிசேரியன் செய்ய ஆளும், ரத்தமும், பச்சிளங்குழந்தைப் பிரிவும் இருக்கும் இடமா என்று கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் சீமாங் எனப்படும் அவசர மகப்பேறு மையங்கள் இதற்கென்றே இருக்கின்றன.

வயது ஒன்றே சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. ஆனால் தேதியைத் தாண்டிக் காத்திருப்பதும் இந்த வயதுக்கு ஏற்றதல்ல. 40-ஐக் கடந்தவருக்கு 39 வாரத்தில் வயிற்றிலேயே குழந்தை இறக்கும் ஆபத்து, இருபதுகளின் நடுவில் இருப்பவருக்கு 41 வாரத்தில் இருப்பதற்குச் சமம். அதனால் 39 வாரத்தை ஒட்டி வலி வரவைக்கும் யோசனையை டாக்டர் சொல்வார். பிரிட்டனில் 35-க்கு மேற்பட்ட முதல்முறைத் தாய்மாரிடம் நடத்தி 2016-ல் வெளியான ஆய்வில் இப்படி 39 வாரத்தில் வலி வரவைத்ததால் சிசேரியன் கூடவில்லை. மறுபக்கம், நட்சத்திரம் பார்த்து 37 வாரத்தில் கத்தி வைக்கச் சொல்வது குழந்தையின் நுரையீரலைப் பணயம் வைப்பது. மருத்துவக் காரணம் இல்லாமல் 39-க்கு முன் வேண்டாம்.

பிரசவத்துக்குப் பின்

குழந்தை பிறந்ததும் எல்லோர் கண்ணும் தொட்டில் பக்கம் திரும்பிவிடும். பி.பி. உச்சத்துக்கு ஏறுவது பிரசவத்துக்குப் பின் மூன்று முதல் ஆறாம் நாளுக்குள். அப்போது நீங்கள் பெரும்பாலும் வீட்டுக்கு வந்திருப்பீர்கள். மெஷினை அந்த ஒரு வாரமும் தினம் இரண்டு வேளை எடுங்கள். தலைவலி வந்தால் முதலில் பி.பி. பாருங்கள்.

பத்தியம் என்று தண்ணீரை அளந்து கொடுப்பது ரத்தக்கட்டுக்கு வழி. தாகத்துக்குக் குடியுங்கள், பாலூட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு தம்ளர். சிசேரியன் என்றாலும் முதல் நாளே எழுந்து நான்கு அடி நடக்க வேண்டும். கர்ப்பகால சர்க்கரை இருந்தவர்களுக்குக் கருப்பட்டி போட்ட லேகியம் கரண்டி கரண்டியாக வேண்டாம். காத்திருந்து பெற்ற குழந்தை என்பதாலேயே "எனக்கு அழுகையாக வருகிறது" என்று சொல்லக் கூசுபவர்கள் இந்த வயதில் அதிகம். இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் தூக்கமின்மையும் நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். 104-இலும் பேசலாம்.

கர்ப்பகால சர்க்கரை இருந்தவர்கள் ஆறாம் வாரத்தில் 75 கிராம் பரிசோதனையை மறுபடி செய்ய வேண்டும், இம்முறை வெறும் வயிற்றில். பெரும்பாலோர் மறந்துவிடுவது இதைத்தான். குழந்தைக்கு ஆறாம் வாரத் தடுப்பூசி போட அதே சுகாதார நிலையத்துக்குத்தான் போகிறீர்கள். அன்று காலை காபிகூடக் குடிக்காமல் கிளம்பி, முதலில் உங்கள் ரத்தத்தைக் கொடுத்து குளுக்கோஸைக் குடித்துவிடுங்கள். குழந்தைக்கு ஊசி போட்டு அரை மணி உட்காரச் சொல்வார்கள், பாலூட்டி முடிப்பதற்குள் இரண்டு மணி நேரம் ஆகிவிடும். வெறும் வயிற்றில் 126, இரண்டு மணி நேரத்தில் 200 என்ற அளவை எட்டினால் சர்க்கரை நோய். இரண்டாவது எண் 140-க்கும் 199-க்கும் இடையில் என்றால் எல்லைக்கோட்டில் இருக்கிறீர்கள். இரண்டும் இல்லை என்றாலும் வருடத்துக்கு ஒருமுறை பாருங்கள், குழந்தையின் பிறந்தநாள் வரும் மாதத்தில் வைத்துக்கொண்டால் மறக்காது.